ரெண்டு சாட்சி போதும்

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். உள்ளே ஒரு பட்டு வேட்டி, ஒரு சட்டை, அவ்வளவுதான். சென்னையில இறங்கி மாத்திக்கணும். விழா. எனக்குத்தான் விழா. எனக்குன்னா எனக்கு மட்டும் இல்லை, எங்க மன்றத்துக்கு. ஆனா மன்றம்னா நான்தான்.

நீங்க எதுவரைக்கும்? அரக்கோணமா? போதும், அதுக்குள்ள சொல்லிடலாம்.

நீங்க கேக்கலைதான். ஆனா பக்கத்து சீட்டுக்காரர் ஒரு நல்ல காரியத்துக்குப் போறாருன்னா என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது இல்லையா? போனை உள்ளே வெச்சிடுங்க. அப்புறம் நானே அதுல எங்க சேனலைப் போட்டுக் காட்டறேன்.

என் பேரு லோகநாதன். பத்திரப் பதிவு ஆபீஸ்ல சார்பதிவாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். வேலூர் சுத்து வட்டாரத்துல யார் நிலம் யாருக்குப் போச்சுன்னு கடவுளுக்கு அடுத்தபடியா எனக்குத்தான் தெரியும். சில நிலத்துல கடவுளுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அவரு கையெழுத்துப் போட மாட்டாரு, நான் போடுவேன்.

ஆபீஸ்ல நான் இருமினா தண்ணி வரும். வீட்ல இருமினா, "மாத்திரை போட்டீங்களா"ன்னு சமையல் ரூம்லேர்ந்து ஒரு சத்தம் வரும், அதோட சரி. ரிட்டயர் ஆன மறு வாரமே புரிஞ்சு போச்சு. இங்கே நம்ம பேச்சைக் கேக்க ஆள் இல்லை. சரி, நாட்டுக்கு ஏதாவது செய்வோம்னு வாய்மொழி வரலாற்று மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சேன்.

எங்க பக்கத்துல பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரே இல்லை. அந்த மனுஷங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டு இருக்காங்க. அவங்க பார்த்ததை எல்லாம் பேச வெச்சு, வீடியோ எடுத்து, யூடியூப்ல ஏத்தி வெச்சுட்டா அது காலத்துக்கும் நிக்கும். ஒரு நாற்காலியில போரைப் பார்த்தவர், ஒரு நாற்காலியில போரைப் படிச்சவர், நடுவுல மேஜை, மேஜை மேல பூ. நிகழ்ச்சிக்குப் பேரு 'களம் கண்டவர்'. பேரு நான் வெச்சது.

படிச்சவர்னா முனைவர் பூவராகன். பெரிய வரலாற்று அறிஞர். சோழர் படை பத்திதான் ஆராய்ச்சி. அதனால பீரங்கி பத்திப் பேசுங்கன்னு உக்கார வெச்சா யானையில ஆரம்பிப்பாரு. எழுபத்தொண்ணாம் வருஷச் சண்டைக்கு அவரு வந்து சேர்றதுக்குள்ள எதிர்ல இருக்கிற பட்டாளத்துக்காரர் ரெண்டு தடவை பாத்ரூம் போயிட்டு வந்துடுவாரு. அதெல்லாம் பின்னணி. பின்னணி இல்லாம வரலாறு கிடையாது.

மொதல் பகுதியிலயே ஒரு சறுக்கல். ஒருத்தர் வந்து, நான் துப்பாக்கியாலயே விமானத்தைச் சுட்டு வீழ்த்தினேன்னார். நாங்களும் கை தட்டினோம். முனைவரும் அதை அம்பு எய்யற முறையோட ஒப்பிட்டு ஒரு விளக்கம் கொடுத்தாரு. வீடியோ போட்ட மறுநாளே கீழே ஒருத்தர் எழுதறாரு: இவரு பட்டாளத்துல ரொட்டி சுடற பிரிவுல இருந்தவரு, சுட்டதெல்லாம் ரொட்டிதான்னு. மானம் போச்சு.

அன்னிக்கு ஒரு விதி கொண்டு வந்தேன். பதிவு ஆபீஸ் விதிதான். ஒரு பத்திரம் பதியணும்னா ரெண்டு சாட்சி வேணும். ரெண்டு பேரும் 'ஆமாம்'னு கையெழுத்து போட்டாச்சுன்னா அது பத்திரம். போடலைன்னா வெறும் தாள். இதே மாதிரி ஒரு சம்பவத்துக்கு, அதே இடத்துல இருந்த ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா வரலாறு. முனைவரே அசந்துட்டாரு. "பல்கலைக்கழகத்துல நாங்க இதைப் பெரிய பெரிய பேர்ல சொல்றோம், நீங்க எளிமையாச் சொல்லிட்டீங்க"ன்னாரு.

இப்ப விருது கிடைச்சிருக்கிறது அந்த விதிக்குத்தான். பகுதி ஏழுக்கு. நம்பகமான ஆவணம்னு பாராட்டிக் கொடுக்கறாங்க.

அந்தப் பகுதி ஏழாலதான் எனக்கு இத்தனை தலைவலி.

கீழ்மாந்தாங்கல்னு ஒரு ஊர். பட்டாளத்து ஊர். ஊர் நடுவுல ஒரு கல் நட்டு வெச்சிருக்காங்க. பட்டாளத்துல உயிர் விட்டவங்க பேரெல்லாம் அதுல வெட்டியிருக்கும். அந்த ஊர்ல தசரதன்னு ஒருத்தர், எழுபத்தொண்ணு சண்டையில இருந்தவரு. அவரைப் பேச வைக்கலாம்னு வீட்டுக்குப் போனேன். எந்த இடத்துல சண்டைன்னு நான் உங்ககிட்ட சொல்லக்கூடாது. மேற்கு எல்லையில ஒரு ஆத்தங்கரை மேடு, அது போதும்.

அவரு வாசல்ல ஒரு அம்மா உக்காந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாகபூஷணம்னு பேரு. அவரோட தங்கச்சின்னு நினைச்சேன். இல்லையாம். சண்டையில அவரு கூட இருந்த ஏகாம்பரம்னு ஒரு பட்டாளத்துக்காரன், அவனோட தங்கச்சி. ஏகாம்பரமும் தசரதனும் ஒரே நாள் பட்டாளத்துல சேர்ந்தவங்க. ஏகாம்பரம் திரும்பி வரலை. உடம்பும் வரலை. 'இடத்தை விட்டுப் போனதாகத் தெரிகிறது'ன்னு பட்டாளத்துலேர்ந்து எழுதி அனுப்பிட்டாங்க.

ஊர்ல அது போதாதா? ஓடிட்டான்னுட்டாங்க. பஞ்சாப்ல ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு லாரி ஓட்டறான்னு ஒருத்தர். ரோட்டோர ஓட்டல்ல ரொட்டி தின்னுக்கிட்டு இருந்ததை நானே பார்த்தேன், கூப்பிட்டேன், திரும்பலைன்னு இன்னொருத்தர். அந்தக் கல்லுல அவன் பேரு இல்லை. அந்த அம்மாவுக்கு இருக்கிறது ஒரே ஆசை, அந்தப் பேரு கல்லுல வரணும். ஊர்ச் சங்கத்துக்காரங்க என்ன சொன்னாங்கன்னா, கூட இருந்தவரு சபையில, எல்லார் முன்னாடியும், பதிவாச் சொல்லட்டும், வெட்டிடறோம்னு. அதனாலதான் தசரதன் நம்ம நிகழ்ச்சிக்கு ஒத்துக்கிட்டாரு.

என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். சொன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு.

"பொழுது எறங்குது சார். குண்டு வுழுந்துக்கினே இருக்குது. பின்வாங்கணும்னு கேப்டன் சாப் ஒவ்வொரு குழியா ஆள் அனுப்பறாரு. மேட்டுக் கோடியில மெஷின் கன் குழி, அதுல ஏகாம்பரம் மட்டும் தனியா இருக்கான். அந்தக் குழிக்கு நானே போய் சொல்றேன்னாரு சாப். நாங்க சாப்போடவே எறங்கினோம். ஆத்தண்ட வந்ததும் எண்ணிப் பார்த்தா அவன் இல்ல. சாப், ஏகாம்பரம்னேன். சொல்லியாச்சு, பின்னாடி வரான், நீ நடன்னாரு. யெஸ் சாப்னு நடந்தேன்."

இந்த இடத்துல அந்த அம்மா மல்லாட்டை உரிக்கறதை நிறுத்திட்டாங்க. "துப்பாக்கிய சொல்லுண்ணா"ன்னாங்க. எத்தனை தடவை கேட்டிருப்பாங்களோ, அடுத்த வரி அவங்களுக்கு மனப்பாடம்.

"நாங்க போய்க்கினே இருக்கோம், பின்னாடி அவன் துப்பாக்கி பேசிக்கினே இருக்குது சார். ரொம்ப நேரம் பேசிச்சு. நாங்க ஆறு தாண்டி அந்தாண்ட ஏறினப்புறந்தான் நின்னுது. அது பேசலன்னா நாங்க யாரும் இங்க இல்ல. ஓடிப்போனவன் துப்பாக்கி எப்டி சார் பேசும்?"

நான் குறிச்சுக்கிட்டேன். ஆனா மனசுல என்ன ஓடுதுன்னா, இது ஒரு சாட்சி. ஒத்தைச் சாட்சி. அதுவும் சிநேகிதன். நான் ஆபீஸ்ல இருந்தா இந்தப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டாம் சாட்சி யாருன்னு யோசிச்சேன். அந்தக் கேப்டன் இருக்காரா?

இருந்தாரு! எப்படியோ விசாரிச்சுப் பிடிச்சேன். கர்னலா ரிட்டயர் ஆகி சென்னையில இருக்காரு. கர்னல் ஞானாதிக்கம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். போன்ல பேசினதுமே, "மை பாய்ஸ்! தசரதன் இருக்கானா? வரேன்"னுட்டாரு. வயசு எண்பதுக்கு மேல. நல்ல மனுஷன். அதை மட்டும் நான் எங்க வேணா சொல்வேன்.

தசரதன்கிட்ட நான் சொல்லலை. மேடையில வெச்சு ஒரு இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம்னு இருந்தேன். கேமராவுக்கு நல்லா இருக்கும்ல?

கல்யாண மண்டபத்துல நிகழ்ச்சி. கீழ்மாந்தாங்கல்லேர்ந்து ஒரு வேன் நிறைய ஆளுங்க. சங்கத்துக்காரங்க எல்லாரும் வந்துட்டாங்க. மொதல் வரிசையில அந்த நாகபூஷணம் அம்மா, புதுப்புடவை, தலை நிறையப் பூ, ஏதோ சொந்தத்துல கல்யாணம் மாதிரி. தசரதன் மெடலெல்லாம் குத்திக்கிட்டு மேடையில உக்காந்திருக்காரு. முனைவர் யானைப்படையை முடிச்சு குதிரைப்படைக்கு வர்ற நேரம், நான் மைக்கைப் பிடிச்சு, "இதோ, அன்றைய கேப்டன், இன்றைய கர்னல்!"னு அறிவிச்சேன். பின்கதவு வழியா கர்னல் உள்ளே வராரு.

தசரதனைப் பார்க்கணுமே நீங்க. நாற்காலி பின்னால சாஞ்சு விழுந்துச்சு. அவரு விறைப்பா நின்னுட்டாரு. குதிகால் ரெண்டும் சேர்ந்து, கை தொடையோட ஒட்டி, கண்ணு நேரா. கர்னல் ஓடி வந்து கட்டிப் பிடிச்சாரு. அப்பவும் இவரு கை இறங்கலை. உக்காருங்கன்னு நான் சொல்றேன், முனைவர் சொல்றாரு, உக்காரவே மாட்டேங்கறாரு. கேமராக்காரர் கீழேர்ந்து, "சார், தலை வரலை, தலை வரலை"ன்னு கத்தறாரு. கடைசியில கர்னல் திரும்பிப் பார்த்து, பட்டாளத்து இந்தியில, "பைட்டோ"ன்னாரு. நாற்காலி நுனியில பட்டும் படாம உக்காந்தாரு.

கர்னல் பேச ஆரம்பிச்சாரு. அடடா, என்ன பேச்சு! ஆத்தங்கரை, குளிர், டீ இல்லாம பசங்க பட்ட பாடு எல்லாத்தையும் கண்ணு முன்னாடி கொண்டு வந்துட்டாரு. அப்புறம் சொன்னாரு: "ஒரு பையன் மெஷின் கன்ல இருந்தான். நல்ல பையன், பேரு இப்ப ஞாபகம் வரலை. குண்டு விழ ஆரம்பிச்சதும் பயந்துட்டான். நாங்க பின்வாங்கறப்ப குழி காலி. நான் அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். சின்னப் பையன். இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கானோ என்னவோ!"

சபை சிரிச்சிடுச்சு. நானும் சிரிச்சேன். அவரு சொன்ன விதம் அப்படி.

முனைவர் உடனே விதிப்படி தசரதன் பக்கம் திரும்பினாரு. "கர்னல் அவர்கள் சொன்னது சரிதானா, ஐயா?"

தசரதன் முனைவரைப் பார்க்கலை. கர்னலைப் பார்த்தாரு. "யெஸ் சாப்."

"குழி காலியாக இருந்ததா?"

"யெஸ் சாப்."

"அந்தப் பையன் பயந்து சென்றுவிட்டான், அப்படித்தானே?"

இந்தத் தடவை மொதல் வரிசைப் பக்கம் ஒரு பார்வை போய்த் திரும்பிச்சு. "யெஸ் சாப்."

மூணு கேள்வி, மூணு ஆமாம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ரெண்டு பேரு தனித்தனியா ஒரே விஷயத்தைச் சொல்றாங்க, ஒரு எழுத்து மாறலை. முனைவர் மேடையிலயே அறிவிச்சாரு, "இரு சான்றுகளும் முற்றாக ஒத்துப் போகின்றன"ன்னு. கைத்தட்டல்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா எந்திரிச்சு மேடைக்கிட்ட வந்துட்டாங்க. பொன்னாடை போர்த்தறதுக்கு வராங்கன்னு நினைச்சு நான்கூட வழி விட்டேன். தசரதன் முன்னாடி போய் நின்னாங்க.

"அண்ணா, என் வீட்ல சொன்னது நெசமா, இங்க சொன்னது நெசமா?"

அவரு கண்ணுலேர்ந்து தண்ணி மட்டும் கொட்டுது. ஆனா விறைப்பாத்தான் உக்காந்திருக்காரு. ஒரு அழுகைக்குக்கூட உத்தரவு வரணும் போல. கர்னலுக்கு என்ன ஏதுன்னு புரியலை, யாரும் சொல்லவும் இல்லை. "எமோஷனல் மொமென்ட்"னு சொல்லி அந்த அம்மாவுக்கும் ஒரு வணக்கம் வெச்சாரு. அந்த இடத்தை நாங்க வெட்டிட்டோம். பார்வையாளர் சத்தம் எல்லாம் வீடியோவுல இருக்கக்கூடாது.

நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது. அவரு வீட்ல வேற சொன்னாரேன்னு. சொன்னாரு. நான் இல்லைங்கலை. ஆனா வீட்ல சொல்றது வேற, பதிவு பண்றது வேற. நிலத்தை விக்கறவன் வீட்ல ஆயிரம் சொல்வான். என் மேஜை முன்னாடி நின்னு என்ன சொல்றானோ அதுதான் பத்திரத்துல வரும்.

வீடியோ பிச்சுக்கிட்டுப் போச்சு. அதுக்கு முன்னாடி எங்க வீடியோவை எங்க வீட்ல கூடப் பார்த்ததில்லை. இது எங்கெங்கேயோ போய் நிக்குது. அந்த 'ஓடிக்கிட்டே இருக்கானோ'ங்கறதை மட்டும் தனியா வெட்டி, பாட்டுப் போட்டு, பசங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்க. கீழ்மாந்தாங்கல் சங்கத்துக்காரங்க அந்த அம்மாகிட்ட, "படிச்சவரே சொல்லிட்டாரு, கூட இருந்தவரும் ஒத்துக்கிட்டாரு, இனிமே கல் பேச்சை எடுக்காதீங்க"ன்னுட்டாங்க.

ஒரு வாரம் போயிருக்கும். என் வீட்டு வாசல்ல அந்த அம்மாவும் தசரதனும் வந்து நிக்கறாங்க. சேர்ந்துன்னு சொல்ல முடியாது. அந்த அம்மா முன்னாடி, இவரு பின்னாடி, நடுவுல ஒரு ஆள் படுக்கற இடைவெளி. இவ்வளவு நாள் அண்ணா அண்ணான்னு இருந்தவங்க இப்ப 'இவரு'ங்கறாங்க.

"சார், அந்த கர்னலுக்குப் போன் போடுங்க."

"எதுக்கும்மா?"

"இவரு வாயத் தொறக்க அவரு உத்தரவு குடுக்கணும். நான் கேட்டு வாங்கறேன்."

நான் தசரதனைப் பார்த்தேன். அவரு தரையைப் பார்க்கறாரு. "நெதம் காலையில சொல்லணும்னு எந்திரிக்கறேன் சார். அவர நெனச்சா நாக்கு எழும்ப மாட்டேங்குது. அன்னிக்கி ஆத்தண்டயும் அப்டித்தான். திரும்பிப் போயிருக்கணும். நடன்னாரு, நடந்துட்டேன்"ன்னாரு.

எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. போட்டுக் கொடுத்தேன், ஸ்பீக்கர்ல. அந்தப் போன்லதான் நான் ரெக்கார்டும் பண்றது. அதுல பேசினா அதுல ரெக்கார்ட் ஆகாது. கேமராக்காரர் ஏதோ காதுகுத்துக்குப் போயிட்டாரு. ஆக, அந்த உரையாடல் பதிவே ஆகலை. அதைச் சொல்லணும் இல்ல? பதிவே ஆகலை.

அந்த அம்மா சுத்தி வளைக்கலை. "ஐயா, நான் ஏகாம்பரத்தோட தங்கச்சி. நீங்க பேரு மறந்துட்டீங்களே, அந்த மெஷின் கன் பையன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நீங்கல்லாம் ஆறு தாண்டற வரைக்கும் பின்னாடி சுட்டுக்கினு இருந்தது யாரு?"

கர்னல், "என்ன சொல்றீங்க? யாரு சுட்டது?"ன்னாரு.

"இவரு இங்க இருக்காரு. நீங்களே கேளுங்க. உத்தரவு போட்டுக் கேளுங்க."

"தசரதன்?"

எங்க ஹால்ல, ஃபேனுக்குக் கீழே, இவரு விறைப்பா நின்னுட்டாரு. போனுக்கு முன்னாடி! என் சம்சாரம் காபி எடுத்துக்கிட்டு வந்தவ அப்படியே நின்னுட்டா.

"யெஸ் சாப்."

"நாம இறங்கறப்ப பின்னால சுடற சத்தம் கேட்டுச்சா?"

"யெஸ் சாப்."

"நம்ம துப்பாக்கியா?"

"யெஸ் சாப்."

லைன் போயிடுச்சோன்னு நான் எட்டிப் பார்த்தேன். போகலை.

"நீ ஆத்துக்கிட்ட என்னை ஏதோ கேட்டே. அவனைப் பத்தியா?"

"யெஸ் சாப்."

"நான் சொல்லியாச்சுன்னேனா?"

"யெஸ் சாப்."

அப்புறம் குரலே மாறிப் போய், ஏதோ கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி கேட்டாரு: "தசரதன். நான் அந்தக் குழிக்குப் போனேனா?"

அந்த அம்மா இவரு முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்காங்க.

"நோ சாப்."

அவ்வளவுதான். சொல்லிட்டு அப்படியே கீழே உக்காந்துட்டாரு. என் வீட்டு மொசைக் தரையில உக்காந்து, சின்னப் பிள்ளை மாதிரி, வாய்விட்டு அழுதாரு.

இவரு அழுகை அடங்கினப்புறம் கர்னல், "அம்மா, இருக்கீங்களா?"ன்னாரு.

"இருக்கேன்."

"போகணும்னுதான் இருந்தேன். பக்கத்துல ஒருத்தனுக்கு அடி பட்டுச்சு, அவனைத் தூக்க ஓடினேன். அப்புறம்... போனதா நானே நம்பிட்டேன். மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா என்ன சொல்லியிருக்கணும்? வயசானவரு, பெரிய பதவியில இருந்தவரு, மன்னிப்புக் கேக்கறாரு. பரவாயில்லைன்னு சொல்லணுமா இல்லையா? சொல்லலை. "அதுக்கு இப்ப எனக்கு மனசு வரல. மொதல்ல எங்க ஊருக்கு வந்து சொல்லுங்க"ன்னாங்க. கர்னல்கிட்ட இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வந்தாரு. அந்த வாரமே வந்துட்டாரு, தடியை ஊனிக்கிட்டு. நான் அப்ப திருப்பதியில இருந்தேன், எனக்கு யாரும் சொல்லி அனுப்பலை. ஒரு கேமரா கிடையாது, ஒரு மைக் கிடையாது, தலைமை தாங்க ஆள் கிடையாது, பொன்னாடைகூடக் கிடையாது. தெருவுல நின்னு, ஊர்ச் சனங்க முன்னாடி, "ஏகாம்பரம் ஓடலை. நான்தான் அவனைக் கூப்பிட மறந்தேன்"னு சொன்னாராம். 'சொன்னாராம்'தான். நான் கேக்கலை. அன்னிக்கே உளி வெச்சுப் பேரை வெட்டிட்டாங்க. வெட்டி முடியற வரைக்கும் கர்னல் வெயில்லயே நின்னாராம். தசரதன் போய்க் குடை பிடிக்கப் பார்த்தாரு, வேணாம்னுட்டாராம். தசரதன் வேற என்ன செய்வாரு, குடையை மடக்கிக்கிட்டு அவரும் வெயில்ல நின்னாரு.

அந்த அம்மா இப்ப தசரதன் வீட்டுக்குத் திரும்பவும் வந்து போறாங்களாம். 'அண்ணா'ன்னு கூப்பிடறது மட்டும் இன்னும் இல்லை.

சரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, பேரு கல்லுல வந்துடுச்சு, அப்புறம் எனக்கு என்ன தலைவலின்னுதானே கேக்கறீங்க? முடியலை! கர்னல் எனக்குப் போன் பண்றாரு. பகுதி ஏழை எடுத்துடுங்கங்கறாரு. நான் சொன்னது தப்பு, வேணும்னா திரும்ப வந்து பேசறேன், அதைப் போடுங்கங்கறாரு. தசரதனும் சொல்றாரு.

எப்படி எடுக்கறது? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. பதிவு ஆன பத்திரத்தைக் கிழிச்சுப் போட யாருக்காவது அதிகாரம் இருக்கா? முனைவர் வேற அதை வெச்சு ஒரு கட்டுரை எழுதி, அதை ஒரு மாநாட்டுல படிச்சு, அடுத்த புத்தகத்துல ஒரு அத்தியாயமே வருது. 'சோழர் முதல் இன்று வரை: புறமுதுகிடலின் உளவியல்'. அவருகிட்ட போய் அது தப்புன்னா? "கர்னலுக்கு வயதாகிவிட்டது, முதலில் சொன்னதே நம்பத்தக்கது"ங்கறாரு. அதுவும் சரிதானே. மொதல்ல சொன்னது ரெண்டு சாட்சி, கேமரா, சபை. பின்னாடி சொன்னது என் வீட்டு ஹால்ல, ஸ்பீக்கர் போன்ல. மொத்தமாப் பார்த்தா எல்லாத்துக்கும் அதே 'யெஸ் சாப்'தான். ஒரே ஒரு இடத்துல 'நோ சாப்'. ஒரே ஒரு வார்த்தைக்காக ஒரு முழுப் பகுதியை அழிக்கணுமா? அதுவும் விருது அறிவிச்ச நேரத்துல?

போன வாரம் அந்த அம்மாவே வந்தாங்க. தனியா வந்தாங்க. உக்காரச் சொன்னேன், உக்காரலை.

"சார், கல்லு எங்க தெருவுல இருக்குது. உங்க படம் ஒலகமெல்லாம் சுத்துது. எங்க அண்ணன் ஓடிட்டான்னு எல்லாரும் பார்த்துச் சிரிக்கறாங்க. என் பேரன் காலேஜ்ல அத்தப் போட்டுக் காட்டறாங்களாம். எடுத்துடுங்க சார். உங்க கால்ல வேணா வுழறேன்."

கால்ல விழறதெல்லாம் வேணாம்மா, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குன்னேன். பொறுமையா, அவங்களுக்குப் புரியற மாதிரிச் சொன்னேன். பதிஞ்ச பத்திரத்துல தப்பு இருந்தா அதுக்குப் பேரு பிழைத்திருத்தல். அதுக்கு வழி இருக்கு. நான் முடியாதுன்னு சொல்லவே இல்லை. ஆனா அந்தப் பத்திரத்துல யார் யார் சம்பந்தப்பட்டிருக்காங்களோ அத்தனை பேரும் நேர்ல வரணும். ஒருத்தர் விடாம வரணும். கர்னல் வரேங்கறாரு, சரி. தசரதன் வராரு, சரி. ஆனா விஷயமே யாரைப் பத்தினது? ஏகாம்பரத்தைப் பத்தினது. பாதிக்கப்பட்டது அவருதானே? அப்ப அவரு நேர்ல வந்து, நான் ஓடலைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே எடுத்துடறேன்னேன். என் சர்வீஸ்ல யாருக்கும் இந்த விதியை நான் தளர்த்தினது இல்லை.

அந்த அம்மா என்னையே பார்த்தாங்க. கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். அழுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டும் இல்லை.

"அவன் வர மாட்டான் சார். அத்தத்தான் இத்தன வருஷமா ஊரண்டயும் சொன்னோம், உங்களண்டயும் சொல்லிக்கினு இருக்கோம்."

சொல்லிட்டுப் போயிட்டாங்க. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க. முறை தெரியாதவங்க.